தனிமைக்குத் துணை, ஞாபகத்துக்குக் காவல்!

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வீடெல்லாம் அதைத் தேடுவார் தாத்தா. வீட்டார் சிரிப்பார்கள். ஆனால், பேரன் பெயரே அவருக்கு மறந்துபோனால்? அப்போது சிரிக்க முடியாது.

வயதானால் மறதி வரும். வீட்டில் ஒரு நாயோ, பூனையோ இருந்தால் அது மெதுவாக வருமா?

சீனாவில் உள்ள சன் யாட்-சென் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை அலசிப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 50 வயதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களுமாக 7,945 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். முடிவு 2023-ம் ஆண்டு வெளிவந்தது.

எளிய பரீட்சை

அவர்களுக்கு வைத்த பரீட்சை எளியது. 10 வார்த்தைகளைக் கேட்டு, உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். சற்று நேரம் கழித்து மறுபடியும் சொல்ல வேண்டும். பிறகு, ஒரு நிமிடத்துக்குள் முடிந்தவரை மிருகங்களின் பெயர்களை அடுக்க வேண்டும். 8 ஆண்டுகளில் இந்தப் பரீட்சை பல முறை நடந்தது.

தனியாக வசித்தவர்களில், பிராணி வளர்த்தவர்களுக்கு ஞாபகம் மெதுவாகவே குறைந்தது. வளர்க்காதவர்களுக்கு வேகமாகக் குறைந்தது. மற்றவர்களோடு சேர்ந்து வாழ்ந்தவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை!

தனிக்கட்டைக்கு நாயும் பூனையும் ஒரு குடும்பம் போல. பேச்சுத் துணை கிடைக்கிறது. வேளைக்குச் சோறு வைக்கும் பொறுப்பும் வருகிறது.

நாய்க்கு முதலிடம்

ஜப்பானில், டோக்கியோ நகரின் ஓட்டா பகுதியில் 11,194 முதியவர்களை 2016 முதல் 4 ஆண்டுகள் கவனித்தார்கள். ஆளை முடக்கும் மறதி நோய் வரும் வாய்ப்பு, நாய் வளர்த்தவர்களுக்கு 100-க்கு 40 பங்கு குறைந்திருந்தது. உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு இன்னும் குறைவு. பூனை வளர்த்தவர்களுக்கு இந்தப் பலன் இல்லை. பூனை யாரையும் உலாவ அழைப்பதில்லையே!

நாய் மருந்தல்ல. உடம்பில் தெம்பு உள்ளவர்களே நாய் வளர்க்கிறார்கள் என்றும் இருக்கலாம். ஆகவே, பராமரிக்க முடியாத முதியவர்மீது நாயைச் சுமத்தக் கூடாது. வளர்ப்பவர்கள் அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட மறக்கக் கூடாது. நாய் காலில் இடறி விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கும் இதில் பாடம் உண்டு. முதுமைக்கு வேண்டியது துணை. வாயில்லாத ஜீவன் அதைத் தருகிறது. வாயுள்ள பிள்ளைகள், தனியாக இருக்கும் தாய் தந்தையிடம் தினமும் கால் மணி நேரம் பேசலாமே!