அலர்ஜி முற்றினால் மாத்திரை போதாது... முதலில் வேண்டியது அட்ரினலின்!

கதண்டு கொட்டினாலோ, இறால், வேர்க்கடலை சாப்பிட்டாலோ, புதிதாக ஒரு மருந்து எடுத்துக்கொண்டாலோ சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். 'அலர்ஜி மாத்திரை போட்டுப் படுத்தால் சரியாகிவிடும்' என்போம். தோலோடு நின்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். தோலைத் தாண்டிவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எப்போது ஆபத்து?

நாக்கு, தொண்டை வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி மயங்குவது, விடாமல் வாந்தி எடுப்பது... இவையெல்லாம் 'அனபிலாக்ஸிஸ்' என்ற தீவிர ஒவ்வாமையின் அறிகுறிகள். சிலருக்குத் தடிப்பே இல்லாமலும் இது வரலாம்.

எந்த மருந்து?

செட்ரிசின், அவில் போன்றவை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். அடைக்கும் மூச்சுக்குழாயைத் திறக்கவோ, சரியும் ரத்த அழுத்தத்தை நிமிர்த்தவோ அவற்றால் முடியாது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யவும் சில மணி நேரமாகும். அட்ரினலின் மட்டுமே ரத்தக்குழாய்களை இறுக்கி, மூச்சுக்குழாயை விரித்து, வீக்கத்தையும் குறைக்கும்.

இதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு குறையும். 5 நிமிடங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் மீண்டும் போடுவார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது...

* உடனே 108-ஐ அழையுங்கள். 'அலர்ஜி, மூச்சுத் திணறல்' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

* நோயாளியைப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் கால்களை நீட்டி உட்காரலாம். கர்ப்பிணிகளை இடதுபக்கமாகப் படுக்கவையுங்கள்.

* எழுந்து நடக்கவிடாதீர்கள். திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதும் கூடாது.

* டாக்டர் ஏற்கெனவே அட்ரினலின் ஊசி கொடுத்து, போடும் முறையையும் சொல்லிக்கொடுத்திருந்தால், தாமதிக்காமல் போடுங்கள்.

* கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது வேண்டாம்.

சரியான பிறகும் கவனம்!

ஊசி போட்டதும் தெளிந்துவிட்டாலும், சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வரலாம். எனவே, டாக்டர் சொல்லும்வரை மருத்துவமனையிலேயே இருங்கள். எந்த உணவு, எந்த மருந்து, எந்தப் பூச்சி என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் அதை நீட்டுங்கள்.