நம் தோட்டத்துக் கிளிகள்

மாலை மணி ஆறரை ஆனதும் நம் பள்ளித் திடலுக்கு மேலே ஒரு கூச்சல் எழுவதைத் திடலில் பந்தாடும் மாணவர் அனைவரும் அறிவர். அண்ணாந்து பார்ப்பதற்குள் பத்துப் பதினைந்து பச்சைப் பறவைகள் செம்பனைக் காட்டைக் கடந்து, ஆற்றோரத்து மரங்களை நோக்கி அம்பெனப் பறந்து மறையும். "கிளி, கிளி" என்று சிறுவர் கைதட்டுவர். அக்கிளி எவ்வினத்தது, எங்கே குஞ்சு பொரிக்கிறது என்று நம்மில் பலர் கேட்டறிந்ததில்லை. அக்குறையைச் சிறிதேனும் போக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தமிழருக்குக் கிளி புதிய பறவையன்று. தினைப்புனத்தில் கிளி கடியும் மகளிரைச் சங்கப் புலவர் பாடினர். மதுரை மீனாட்சியம்மையின் கையிலும், திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளியைக் காண்கின்றோம். நம் வீட்டு நாட்காட்டிப் படங்களில் கழுத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையத்துடன் வீற்றிருப்பது செந்தார்ப் பைங்கிளி. அது தமிழகத்துக் கிளி. ஆனால் நம் தலைக்கு மேல் பறப்பது அதுவன்று. இது இந்நாட்டின் சொந்தப் பிள்ளை. மலாய்க்காரர் இதனைப் 'பாயான்' என்பர். நாம் நீள்வால் கிளி எனலாம். ஆண் பறவைக்குக் கன்னங்கள் சிவந்திருக்கும். மேல் அலகும் சிவப்பு. தாடையில் கறுப்புக் கோடு. வால் நீலம் கலந்து நீண்டிருக்கும். பெண் பறவையின் அலகு மங்கிய பழுப்பு, வாலும் குறுகியது. மலாக்கா தீபகற்பம், சுமத்திரா, போர்னியோ, அந்தமான், நிக்கோபார் தீவுகள் ஆகியவை இதன் தாயகம்.

இக்கிளி தாழ்நிலத்துப் பறவை. கடலோரச் சதுப்பு மரங்களிலும், தாழ்நிலக் காடுகளிலும், தென்னந்தோப்புகளிலும் வாழ்ந்தது. பின்னர் நம் முன்னோர் வந்தனர்; காடு இரப்பர்த் தோட்டமாயிற்று; இரப்பர் பல இடங்களில் செம்பனையாயிற்று. 1917 ஆம் ஆண்டில் ஹென்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் கோலா சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். இந்நாட்டில் அதுவே முதல் முயற்சி. தோட்டத்தின் பெயர் தமிழ்ப் பெயராய் அமைந்ததை எண்ணி நாம் மகிழலாம்; மரமோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வந்த மரத்தின் பழத்தை ஊர்க் கிளி விரைவில் தின்னப் பழகிக்கொண்டது. பழுத்த குலையின் மேல் தலைகீழாய்த் தொங்கி, ஒரு காலால் பழத்தைப் பற்றிச் சதையைச் சுரண்டித் தின்பதை அறுவடை செய்வோர் பார்த்திருப்பர். எலி தின்பதோடு ஒப்பிட்டால் கிளி தின்பது கொஞ்சமே என்பது எம் எண்ணம்.

ஆக, உணவுக்குக் குறைவில்லை. பின்னர் ஏன் இப்பறவை குறைந்து வருகிறது? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. விடை வயிற்றில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கிளி கூடு கட்டுவதில்லை. மரப் பொந்தில் முட்டையிடும். கெட்டியான மரத்தைத் தானே குடையும் ஆற்றல் அதற்கு இல்லை. மரங்கொத்தி குடைந்து விட்டுச்சென்ற பொந்தோ, பட்ட மரத்தில் கிளை முறிந்து இற்றுப்போன குழியோ வேண்டும். முதிர்ந்த காட்டு மரங்கள் போய்விட்டன. செம்பனையோ, குலை குறைந்ததும் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளில் வீழ்த்தப்படும் மரம். எஞ்சியவை லயத்துப் பின்புறத்திலும் ஓடைக்கரையிலும் நிற்கும் பட்ட தென்னைகளே.

இதனை நாம் துன்பத்தோடு கற்றோம். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் காலணிப் பெட்டியில் இரண்டு கிளிக் குஞ்சுகளைக் கொண்டுவந்தான். இறகு முளைக்காத சிவந்த உடல். கண்ணும் முழுதாய்த் திறக்கவில்லை. வீட்டின்மேல் விழுந்துவிடுமோ என்று அவன் தந்தையார் பட்ட தென்னையை வெட்டியபோது உள்ளே கிடைத்தனவாம். தந்தையார் செய்தது தவறென்று எவர் கூறுவர்? அது கூரைமேல் சாய்ந்திருந்தால் பிள்ளைகளன்றோ அடிபட்டிருப்பர்! காப்பியில் நனைத்த ரொட்டியை ஊட்டினோம். அது குஞ்சுக்கு ஆகாத உணவென்று அப்பொழுது நாம் அறியோம். ஒன்று மறுநாளும், மற்றொன்று மூன்றாம் நாளும் இறந்தன. அம்மாணவன் நெடுநாள் அப்பெட்டியை எறியவில்லை.

இனி, வந்தேறிய கிளிகளைப் பற்றிச் சில சொற்கள். கூண்டில் விற்கப்படும் கிளி சில வேளை தப்பிவிடும். சில வேளை, புண்ணியமென்று கருதி நாமே திறந்துவிடுவோம். 1969 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்ட் வட்டாரத்தில் நம் செந்தார்ப் பைங்கிளி குஞ்சு பொரித்தது. இன்று பனி பெய்யும் லண்டன் பூங்காக்களிலும் பல்லாயிரமாய்ப் பறக்கிறது. அண்டையிலுள்ள சிங்கப்பூரிலோ, பர்மா, சயாம், சாவகத்துக் கிளியான செம்மார்புக் கிளி கூண்டிலிருந்து வெளியேறிப் பெருகிவிட்டது. நீள்வால் கிளிக்கு வேண்டிய அதே பொந்து அதற்கும் வேண்டும். பொந்து ஒன்று, குடும்பம் இரண்டு என்றால் வலியதே குடிபுகும். வந்தேறிய கிளியின்மேல் நமக்குப் பகையில்லை (நாமும் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்தாமே!). ஆயினும் கூண்டுக் கிளியை இங்கே திறந்துவிடுவது ஊர்க் கிளிக்குச் செய்யும் உதவியன்று.

1972 ஆம் ஆண்டில் மலேசியாவிலும் இந்தியாவிலும் வனவிலங்குகளைக் காக்கும் சட்டங்கள் பிறந்தன. இங்கே அதன் இடத்தில் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வனவிலங்குத் துறையின் உரிமமின்றிக் காட்டுக் கிளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். குஞ்சு எடுக்க மரமேறும் பிள்ளைகளின் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

எலிகளை ஒழிக்க ஆந்தைக்குப் பெட்டி அமைத்துக் கொடுக்கும் தோட்டங்கள் பல உண்டு. கிளிக்குப் பெட்டியும் கேட்கவில்லை; வீட்டுக்கும் பாதைக்கும் தொலைவில் நிற்கும் பட்ட மரங்களை விட்டுவைத்தால் போதும். வெட்டியே ஆகவேண்டிய மரமாயின், முதலில் சில நாள் கீழே நின்று பார்க்கலாம். கிளிகள் வந்து போனால், குஞ்சுகள் பறக்கும்வரை சில வாரங்கள் பொறுக்கலாம். இதனைத் தோட்ட மக்களிடம் எடுத்துச் சொன்னபோது, ஓடைக்கரையில் நிற்கும் மொட்டைத் தென்னையை வெட்டாமல் விட இசைந்தனர். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே மரங்கொத்தி குடைந்த வட்டமான துளை ஒன்று உண்டு. சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு காலையில், சிவந்த அலகொன்று அத்துளையிலிருந்து எட்டிப் பார்த்ததை நான்காம் வகுப்பு மாணவியர் இருவர் கண்டு, ஓடிவந்து எம்மிடம் சொன்னார்கள்.