கார்டில்லாதவனுக்குக் கஞ்சி ஊற்றலாமா?

இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசிகள். நம் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். லயத்தில் எஞ்சியிருக்கும் நம் பாட்டாளிகளுக்கு அக்கம்பக்கம் என்றால் இவர்கள்தாம். இவர்களில் ஒருவன் பெர்மிட் இல்லாமல் 'கோசோங்' ஆகி, ராத்திரியில் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது?

"பசின்னு வந்தவனுக்கு ஒரு தட்டுச் சோறு போட்டா அது குத்தமாண்ணே?" என்று ஓர் அக்காள் நம்மைக் கேட்டார். மறைக்காமல் சொல்கிறோம்: குற்றம்தான். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தில் 'அடைக்கலம்' என்பதற்கு உணவோ இருப்பிடமோ கொடுப்பது என்றே பொருள் எழுதியிருக்கிறது. 56ஆம் பிரிவின்படி தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. தட்டுச் சோற்றுக்காக யாரையும் கோர்ட்டுக்கு இழுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

"இவனுங்க வந்துதான் நம்ம சம்பளம் ஏறல" என்பார்கள் சிலர். அந்தக் கோபத்தை நாம் பொய்யென்று தள்ளமாட்டோம். ஆனால் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ள, அடி பொறுக்காமல் ஓடி வந்தவன்தானே பலரும்? பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் சட்டப்படி குற்றமே. அதற்காக எத்தனை முதலாளி உள்ளே போனார்? 1969க்குப் பிறகு சிவப்புக் கார்டும் பெர்மிட்டும் என்று அலைந்து, பல்லாயிரம் பேர் கப்பலேறிய கதை நம் பெரியவர்களுக்கு மறந்திருக்காது.

சோற்றைவிடச் சிக்கலானது ஆஸ்பத்திரி. கார்டில்லாத நோயாளி வந்தால் போலீசுக்கோ குடிநுழைவு இலாகாவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2001இல் சுற்றறிக்கை விட்டது. பிள்ளைவலியில் துடிப்பவளைக் காரில் ஏற்றிக் கொண்டுபோனால் காட்டிக்கொடுத்ததாகும்; வீட்டில் கிடத்தினால் சாவுக்கு விட்டதாகும். கொண்டுபோக வேண்டும் என்பதே நம் முடிவு. ஆனால் அங்கே என்ன நடக்கலாம் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட வேண்டும். "ஒண்ணும் ஆகாது வாம்மா" என்று ஏய்த்து ஏற்றக்கூடாது.

கூலி பாக்கிக்கு வழக்குப் போடச் சொல்கிறவர்களுக்கும் இதே தர்மசங்கடம்தான். வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கச் 'ஸ்பெஷல் பாஸ்' வேண்டும். மாதம் 100 வெள்ளி. அதில் வேலை செய்யக்கூடாது. "போராடு தம்பி" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவன் எதைத் தின்பான்?

வெளியே பேசினாலும் வினைதான். தடுப்பு முகாம்களின் நிலை பற்றி 1995இல் அறிக்கை வெளியிட்ட தெனகானித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ் மீது 1996இல் வழக்கு. 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு, 2008இல்தான் விடுதலை.

உதவப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "பெர்மிட் போட்டுத் தர்றேன், பணத்த வாங்கிக் கொடுங்கண்ணே" என்று வரும் ஏஜெண்டுக்கு நீங்கள் கைமாற்றிக் கொடுக்காதீர்கள். பணத்தோடு அவன் மறைந்தால், பறிகொடுத்தவன் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.