பிள்ளையைத் திருத்தும் முன் அறையைத் திருத்துங்கள்

மிக்சி ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடும் பிள்ளையை, "அடம் பிடிக்கிறான்" என்று அதட்டுகிறோம். ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் ஆகியவை அளவுக்கு மீறி உறைக்கும். சிலருக்கு உறைக்கவே உறைக்காது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஆட்டிச அளவுகோலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது.

எவை உறுத்தும்?

திருவாரூர் மாவட்டம் குடவாசல் பக்கத்து வீடுகளில் தகரக் கூரை மேல் அடிக்கும் ஐப்பசி மழை, குக்கர் விசில், பினாயில் நெடி, பொங்கலுக்கு அடித்த புதுப் பெயின்ட். பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். நமக்குத் தெரியாத அந்த மினுக்கலும் ரீங்காரமும் சிலருக்குத் தாங்காது. கல்யாண மண்டபத்தில் இவை யாவும் ஒன்றுசேரும்.

ஆபத்து எங்கே?

தாங்க முடியாத பிள்ளை அலறும், தலையை முட்டிக்கொள்ளும், வெளியே ஓடும். குளமும் வாய்க்காலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் நம்முடையது. வீட்டைவிட்டு ஓடும் ஆட்டிசக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது பல நாடுகளிலும் பதிவான அபாயம். வாசல் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள். நீச்சல் பழக்குங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எந்தச் சத்தம், எந்த நேரம், பிள்ளை என்ன செய்தது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், காரணம் பிடிபடும். டியூப்லைட்டை மினுக்காத எல்இடியாக மாற்றுங்கள். மிக்சி போடும் முன் சொல்லிவிடுங்கள். ஒரு மூலையில் பாய் விரித்து, பருத்திச் சேலையைத் திரையாகக் கட்டினால் ஒதுங்க இடமாகும். அதைத் தண்டனை இடமாக்காதீர்கள். காதடைப்பான் தேவைப்படும்போது மட்டும் போதும்.

உரிமை என்ன?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் ஓர் ஊனமாக ஏற்கிறது. பள்ளியில் மின்விசிறி கடகடக்காத இடத்தில் உட்கார வைப்பது போன்ற நியாயமான ஏற்பாடுகளை மறுப்பது, அச்சட்டப்படி பாகுபாடு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் பொதுவாகத் தடை உண்டு.

எங்கே கேட்பது?

பள்ளியில் வேண்டிய ஏற்பாட்டைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பலனில்லையென்றால் திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சட்டம் தந்ததைத்தான் கேட்கிறீர்கள்.