பழைய டீசல் கேரவன் வாங்கப் போறீங்களா? டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

2024 டிசம்பர் 23. கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் வெகுநேரமாக நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தனர். காரணம், கார்பன் மோனாக்சைடு வாயு. ஜெனரேட்டரில் இருந்து வந்த அந்த வாயு, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தது பின்னர் நடந்த நிபுணர் பரிசோதனையில் தெரியவந்தது.

வண்டி ஓடவில்லை. எதன் மீதும் மோதவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு உயிர்கள் போய்விட்டன.

ஷூட்டிங் ஸ்பாட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய கேரவன், இப்போது குடும்பச் சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. புதிதாகக் கட்டினால் செலவு அதிகம் என்பதால் பலரும் செகண்ட் ஹேண்ட் வண்டியைத் தேடுகிறார்கள். ஆனால் கார் வாங்குவது போல இன்ஜினை மட்டும் பார்த்து இதை வாங்கிவிட முடியாது. கேரவன் என்பது கீழே ஒரு வேன், மேலே ஒரு வீடு. இரண்டையும் பார்க்கணும். அதற்கும் முன்னால் பேப்பரைப் பார்க்கணும்.

ஆர்.சி.யில் என்ன வண்டி என்று இருக்கிறது?

இதைப் பார்க்க வண்டி நிற்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். வண்டி நம்பர் இருந்தால் எம்-பரிவாகன் செயலியிலேயே வாகன வகை, எஃப்.சி., இன்சூரன்ஸ், மாசுச் சான்று எதுவரை செல்லும் என்பதைப் பார்த்துவிடலாம். நிலுவையில் உள்ள அபராதம் இ-சலான் தளத்தில் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது வாகன வகை. அதில் 'மோட்டார் கேரவன்' அல்லது 'கேம்பர் வேன்' என்று இருக்கணும். 'மேக்ஸி கேப்' என்றோ 'ஆம்னி பஸ்' என்றோ இருந்து, உள்ளே கட்டிலும் கிச்சனும் இருந்தால் அங்கேயே நின்று யோசிக்கணும்.

பழைய டிராவலர் வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, பட்டறையில் கட்டில் போட்டு விற்பது உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டிக்கு எஃப்.சி. கிடைப்பது சிக்கல். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது போர்டு. மஞ்சள் போர்டு வண்டி என்றால் அது வாடகை வாகனம். முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும். சொந்த உபயோகத்துக்கு ஒயிட் போர்டாக மாற்றணும் என்றால் பர்மிட்டை ஒப்படைப்பது, வரி வித்தியாசம் கட்டுவது என்று தனி வேலை இருக்கிறது. அந்தச் செலவு யார் தலையில் என்பதை விலை பேசும்போதே முடிவு செய்வது நல்லது.

வெளி மாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். ஆனால் அந்த மாநில ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்யணும். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 'சீப்' என்று நினைத்த வண்டி சீப்பாக இருக்காது.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் வரும்வரை முழுப் பணம் கொடுக்கக் கூடாது. சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே பென்சில் பிரின்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடணும். நம்பரைச் சுற்றி வெல்டிங் தடமோ, அங்கே மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் திரும்பி வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

காலையில் போங்க, சொல்லாமல் போங்க

டீசல் இன்ஜினின் உண்மையான குணம் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும். போய் இறங்கியதும் பானெட்டில் கை வைத்துப் பார்க்கணும். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். முழுசாக ஆறியபின் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

முதல் செல்ஃபிலேயே இன்ஜின் பிடிக்கணும். அதன்பின் சைலன்சரைப் பார்க்கணும்.

கறுப்புப் புகை: டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பாக இருந்தால் சின்னச் செலவு. இன்ஜெக்டர், டர்போ என்றால் பெரிய செலவு.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் அல்லது டர்போ தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை: ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசியலாம். ஹெட் கேஸ்கெட் வேலை வரை போகும்.

ஐடிலிங்கில் ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தால், லேசான ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று அழுத்தத்தோடு புகை தள்ளினால் இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூடியின் உள்பக்கம் பால் போல வெளுத்த பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரம் கறுத்துவிடும். ஆனால் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் அது கெட்ட அறிகுறி. டீசல் ஆயிலோடு கலக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய நிலையில் மட்டுமே திறக்கணும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

'கிலோமீட்டர் ரொம்பக் கம்மி சார்!'

கேரவன் விற்பவர்கள் சொல்லும் முதல் வசனம் இதுதான். "ஷெட்லயே நின்ன வண்டி சார், வருஷத்துக்கு ரெண்டு டூர்தான்" என்பார்கள். காருக்கு இது பிளஸ் பாயின்ட். கேரவனுக்கு இதுதான் முதல் சந்தேகம்.

நிற்கும் வண்டி ஓடும் வண்டியைவிட வேறு விதமாகக் கெடுகிறது. பாதி காலியான டேங்கில் ஈரம் படிந்து டீசலில் தண்ணீர் சேரும். பிரேக் பிடித்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ், பெல்ட் எல்லாம் காய்ந்து வெடிக்கும். பேட்டரி செத்துப்போகும். வயரை எலி கடித்து வைத்திருக்கும்.

டயரைப் பாருங்கள். பட்டன் தேயாமல் புதுசு போலவே இருக்கும். ஆனால் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 4 இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பல வருஷம் ஒரே இடத்தில் பாரம் தாங்கி வெயிலில் நின்ற டயரின் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். பைபாஸில் வேகமாகப் போகும்போது வெடிப்பது இந்த மாதிரி டயர்தான். ஸ்டெப்னியையும் சேர்த்து எல்லா டயரையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

பி.எஸ். 6 வண்டி என்றால் இன்னொரு விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி கட்டாயமானது. இந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். சேர்ந்த கரி எரிந்து சுத்தமாக, வண்டி அவ்வப்போது நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடணும். நின்றே பழகிய வண்டி, ஊருக்குள் மட்டும் சுற்றிய வண்டி என்றால் இது அடைத்துக்கொள்ளும். புதிதாக மாற்றினால் பில் கையைக் கடிக்கும். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணையணும். விளக்கே எரியவில்லை என்றால் யாரோ அதைத் துண்டித்து வைத்திருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப் போவது நல்லது.

அடியில் படுத்துப் பார்க்கணும்

சேஸிஸ் துருவைப் பார்க்க ஒரே வழி, டார்ச்சோடு அடியில் போவதுதான். மேல் பெயின்ட் மினுமினுப்பாக இருந்தாலும், கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியின் அடிப்பாகம் வேறு கதை சொல்லும். ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டினால் உதிரும் துரு ஆபத்து. சும்மா மேல்பூச்சாக இருக்கும் துரு பெரிய விஷயம் இல்லை.

2015 சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஆகியவற்றில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் வண்டி தண்ணீருக்குள் நின்றிருக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஸ்குரூக்களில் துரு, மேட்டுக்கு அடியில் மண் ஆகியவையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது வீட்டுக்குள் வாங்க

கேரவன் பாடியின் எதிரி மழைத்தண்ணீர். கூரையில் ஏ.சி., ஜன்னல், வென்ட் பொருத்திய இடங்களில்தான் ஒழுகும். அந்த மூலைகளில் பிளைவுட்டை விரலால் அழுத்தணும். மெத்து மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஊறி அழுகிவிட்டது. கதவைத் திறந்ததும் ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக அடித்தால், எதை மறைக்கிறார்கள் என்று யோசிக்கணும்.

எடையும் முக்கியம். தண்ணீர் டேங்க் 200 லிட்டர் என்றால் அது மட்டும் 200 கிலோ. அதோடு பேட்டரி, ஜெனரேட்டர், ஏ.சி., கட்டில், ஆட்கள். டேங்கை நிரப்பி ஒரு வே பிரிட்ஜில் ஏற்றிப் பார்த்தால், ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்புக்குள் இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்பது தெரிந்துவிடும். பாரம் கூடினால் மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடாகி வேலை செய்யாமல் போகும்.

லைசென்ஸ் சந்தேகமும் பலருக்கு உண்டு. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வாடகை வாகனத்தையும் எல்.எம்.வி. லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதற்கு மேல் என்றால் கனரக லைசென்ஸ் தேவை.

உயிர் போகும் இடம் இதுதான்

வடகரையில் நடந்தது இந்த இடத்தில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது.

ஜெனரேட்டரின் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பாடிக்கு வெளியே வந்து முடியணும். தளத்துக்கு அடியிலேயே முடிந்தால், புகை அங்கேயே தேங்கி மேலே ஏறும்.

வயர், பைப் போவதற்காகத் தளத்தில் போட்ட ஓட்டைகள் முழுசாக அடைக்கப்பட்டிருக்கணும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை. திரையை மூடி உள்ளே இருட்டாக்கி, ஒருவர் உள்ளே உட்காரணும். இன்னொருவர் அடியில் டார்ச் அடிக்கணும். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே புகையும் வரும்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி மாட்டுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். அலாரம் இருந்தாலும், ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு கதவடைத்துத் தூங்கவே கூடாது.

கேஸ் அடுப்பு இருந்தால் டியூப்பில் தேதியைப் பார்க்கணும். சிலிண்டர் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் என்று போகும். அந்தக் காலாண்டுக்குள் மறுபரிசோதனை செய்யணும் என்று பொருள். சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடிப்பாகத்தில் வெளிக்காற்று போக வழி இருக்கணும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

பணம் கொடுக்கும்போது

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கணும். அதில் ஒரு மேம்பாலம் ஏற்றம் இருக்கட்டும். ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் போய்விட்டது. ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா, பிரேக் அடித்தால் நேராக நிற்கிறதா என்பதையும் கவனிக்கணும்.

எல்லாம் சரியாக இருந்தால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கணும். விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்று கன்சல்டிங்கில் சொன்னால் கேட்க வேண்டாம். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே விற்பவருக்கும் இது பாதுகாப்புதான்.

டயர், பேட்டரி, பிளைவுட் இவையெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடியவை. விலையில் குறைத்துக்கொள்ளலாம். ஆர்.சி.யில் வகை மாறியிருந்தாலோ, சேஸிஸ் துருப்பிடித்து உதிர்ந்தாலோ பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடலாம். தளத்தில் ஓட்டை தெரிந்தால், அதை அடைத்துச் சோதித்துப் பார்க்கும்வரை ஒரு ராத்திரி கூட அந்த வண்டிக்குள் படுக்கக் கூடாது.