பொத்தான் முதல் கர்னல் வரை – 9: வாசலில் இரண்டு எழுத்து

சென்ற வாரம், பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடும் நிரலான ஃபர்ம்வேர், இயங்குதளத்தின் மையமான கர்னலை வட்டில் கண்டுபிடித்ததோடு நிறுத்தினேன்.

இந்த வாரம் கணினியின் சாவி ஃபர்ம்வேரிடமிருந்து கர்னலுக்குக் கைமாறும் கணத்தைச் சொல்வதாக இருந்தேன். அதற்காக என் மடிக்கணினியில் லினக்ஸ் கர்னல் கோப்பைத் திறந்து முதல் இரண்டு பைட்டைப் பார்த்தேன். 77, 90. எழுத்தாக்கினால் எம், இசட். மூன்று நாளாக மனம் இதைத் தாண்டவில்லை.

அது ஒரு மனிதரின் தலைப்பெழுத்து. மைக்ரோசாஃப்டில் டாஸ் எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கி, தாம் வடிவமைத்த இஎக்ஸ்இ கோப்பின் முகப்பில் தம் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார். 1993இல் விண்டோஸ் என்டி வந்தபோது பிஇ என்ற புதிய கோப்பு வடிவம் வந்தது. பழைய டாஸ் தடுமாறக் கூடாதென்று அதன் தலையிலும் எம்இசட் நின்றது. பிறகு இன்டெல் தன் இட்டானியம் கணினிகளுக்காக இஎஃப்ஐ ஃபர்ம்வேரை உருவாக்கியபோது, அதில் ஓடும் நிரல்களுக்கு இதே பிஇ வடிவத்தை எடுத்துக்கொண்டது. இன்றைய யூஇஎஃப்ஐ அதன் வாரிசு.

2012இல் வெளியான லினக்ஸ் 3.3, கிரப் போன்ற பூட்லோடர் என்னும் இடைத்தரகர் இல்லாமலே ஃபர்ம்வேரிடமிருந்து நேரே கிளம்பக் கற்றது. அதற்குக் கர்னலே ஒரு யூஇஎஃப்ஐ நிரலாக வேடமிட வேண்டும். முகப்பில் எம்இசட், 60ஆம் பைட்டில் அடுத்த தலைப்பின் முகவரி, அங்கே போனால் பிஇ. இன்டெல் வகைக் கணினிகளில் இதற்கு இடம் காலியாகவே இருந்தது. ஃபிளாப்பியிலிருந்து நேரே கிளம்பிய காலத்தில் பயன்பட்ட, கர்னல் கோப்பின் முதல் 512 பைட், 2.6 பதிப்பு முதலே பெரும்பாலும் பயனற்றுக் கிடந்தது.

64 பிட் ஆர்ம் கதைதான் என்னைக் கட்டிப்போட்டது. அங்கே பழைய பூட்லோடர்கள் கர்னலின் முதல் பைட்டுக்கே தாவும். அதாவது முகப்பில் இருப்பது சிப் நிறைவேற்றக்கூடிய கட்டளையாகவும் இருக்க வேண்டும், எம்இசட் என்றும் படிக்க வேண்டும். ஒரு கட்டளைக்கு நான்கு பைட். முதல் இரண்டு 77, 90 ஆக இருந்து, எந்தத் தீங்கும் செய்யாத கட்டளையை லினக்ஸ் நிரலாளர்கள் தேடிப் பிடித்தார்கள்: 18ஆம் ரெஜிஸ்டரில் உள்ளதோடு 22ஐக் கூட்டி 13ஆம் ரெஜிஸ்டரில் வை. அந்தக் கூட்டல் யாருக்கும் வேண்டாம். இந்தக் கட்டளைக்கு அருகிலேயே, எம்இசட் கையெழுத்துக்காக மட்டும் இது இங்கே இருக்கிறது என்று குறிப்பும் எழுதி வைத்தார்கள். பின்னாளில் வேறு கட்டளைக்கு மாறினார்கள். அதுவும் எம்இசட் என்றே தொடங்குகிறது. இவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

சாவி கைமாறும் இடத்துக்கு வரவே இல்லை. எக்ஸிட்பூட்சர்வீசஸ் என்ற ஒரே அழைப்பில் ஃபர்ம்வேர் ஒதுங்கிக்கொள்வதும், கர்னல் கையிலிருக்கும் நினைவக வரைபடம் பழசாகியிருந்தால் அந்த அழைப்பை ஃபர்ம்வேர் மறுத்துவிடுவதும் அடுத்த வாரம். அதற்குள் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் கர்னல் கோப்பின் முதல் இரண்டு எழுத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.