வேரில் படிந்த துரு

ஆடுதுறைப் பக்கம் நட்டு மூன்று வாரமான குறுவை வயலில் இறங்கி, ஒரு தூரைப் பிடுங்கி அலசிப் பாருங்கள். வேர் செம்பழுப்பாக இருக்கும். துருவேதான். காற்றுப் புகாத சேற்றுக்குள் இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜன் ஏது? நெற்பயிர் கொண்டுவந்தது. இலையிலிருந்து வேர்வரை ஓடும் காற்றறைகள் வழியே இறங்கிக் கசிவதுதான், சேற்றில் கரைந்த இரும்பைத் துருவாக்கி வேர்மேல் படியவைக்கிறது.

மேலே நிற்கும் தண்ணீரின் சங்கதி வேறு. கல்லணை தாண்டி மதகுக்கு மதகு நுரைத்து வரும்போது காற்றை அள்ளிக்கொள்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். வயலில் பாசி பிடித்தால் பிற்பகலில் அதையும் தாண்டும், விடிவதற்குள் சரிந்துவிடும். எத்தனை மணிக்கு மொண்ட தண்ணீர் என்று சொல்லாத கணக்கை நான் நம்புவதில்லை.

1888-இல் ஹங்கேரியின் வின்க்லர் சொன்ன முறை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் நடக்கிறது. மாங்கனீசு உப்பு, அயோடைடு, அமிலம், கடைசியில் ஸ்டார்ச்சின் நீலம் மறையும்வரை தயோசல்பேட். ஆற்று நீருக்குச் சரி. சேற்றுநீரில் இரும்பும் சல்பைடும் நைட்ரைட்டும் புகுந்து கெடுக்கும். புட்டி நிறையத் தண்ணீரும் வேண்டும். வேரோரத்தில் கிடைப்பதோ சில சொட்டு.

மின்முனை பொருத்திய திரவக் குரோமட்டோகிராபிக்கு 20 மைக்ரோலிட்டர் போதும், ஒரு சொட்டுக்கும் குறைவு. நுண்துகள் அடைத்த குழாயில் அழுத்தித் தள்ளினால் கரைந்தவை ஆளுக்கொரு நேரத்தில் வெளியே வரும். வாசலில் மின்முனை. ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள, மின்னோட்டம் மேடாக எழும். மேட்டின் பரப்பே அளவு.

இதே கருவியில் வேறு பொருளை அளப்பவர்களுக்கு ஆக்ஸிஜன் பெரும் தொல்லை. ஹீலியம் ஊதி விரட்டுவார்கள். பிளாஸ்டிக் குழாயின் சுவரையும் ஊடுருவுமென்று எஃகுக் குழாய் போடுவார்கள். ஆக்ஸிஜனையே அளக்கும்போதும் அந்தக் காவல் தளரக்கூடாது. ஊசியில் ஒரு மைக்ரோலிட்டர் காற்றுக்குமிழி புகுந்தால் போச்சு: அந்த 20 மைக்ரோலிட்டர் நீரில் இருப்பதைவிட அதிக ஆக்ஸிஜன் குமிழிக்குள் இருக்கிறது.

வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால் சல்பைடு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது விவசாயி ஆய்வறிக்கைக்குக் காத்திருப்பதில்லை. வரப்பை வெட்டி வடியவிட்டு, மண் மயிரிழையாக வெடிக்கும்வரை காயப்போடுகிறார், பிறகு பாய்ச்சுகிறார். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். வெடிப்பு வழியே காற்று இறங்குவதால் மீத்தேனும் குறைகிறது.